கட்டினால் மட்டும் போதுமா?

அகமதாபாத்துக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆகிறது. இங்கே நம்ம பொங்கலும் இவர்களுடைய உத்தராயணும் ஒன்றாக வரும். தங்கமணி குக்கரில் வெண்பொங்கலை இறக்குவதற்குள் மொட்டை மாடிகளில் ஸ்பீக்கர் அலற ஆரம்பித்துவிடும். ஊரே பட்டம் விடும். அதற்கு முந்தின ரெண்டு நாள் எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் சக்கைப்போடு போடுவது மாத்திரை இல்லை, வெள்ளை ஒட்டு டேப். மாஞ்சா நூல் அறுக்காமல் இருக்க, காயம் படுவதற்கு முன்னாடியே விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளும் ஊர் இது!

இந்த முறை பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் ஆள்காட்டி விரலில் ஐந்தாறு சுற்று சுற்றியிருந்தான். சாயங்காலம் பார்த்தால் விரல் நுனி நாவல்பழ நிறம். பட்டம் விடுகிற ஜோரில் அவனுக்குத் தெரியவில்லை. அவன் பாட்டிதான் கையைப் பிடித்து இழுத்து, நகத்தை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, கத்தரிக்கோலை விட்டு டேப்பை வெட்டினார். கொஞ்ச நேரத்தில் விரல் சிவந்தது, பையன் "எரியுது எரியுது" என்று குதித்தான். அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பாட்டி செய்தது சின்ன வேலை மாதிரி தெரியலாம். ஆனால் இதே வேலையைச் செய்யச் சொல்லி 2400 வருஷமாகப் பெரிய பெரிய வைத்தியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். செய்யாமல் விட்டதால் விரலை இழந்தவர்களும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அந்தக் கதைதான் இன்றைக்கு.

முதலில் கிரேக்கம். ஹிப்போக்ரடீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் எலும்பு முறிவுக்கென்றே ஒரு நூல் இருக்கிறது. கி.மு. 400-ஐ ஒட்டிய காலம். அதில் கையில் கட்டுப் போட்ட பிறகு என்ன பார்க்க வேண்டும் என்று நாள்வாரியாகச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் கட்டுக்கு வெளியே இருக்கும் கையில் லேசாக, மெத்தென்று ஒரு வீக்கம் இருந்தால் கட்டு சரியான அளவு. வீக்கமே இல்லையென்றால் கட்டு தளர்ச்சி. வீக்கம் பெரிதாக, கெட்டியாக இருந்தால் கட்டு அதிக இறுக்கம். மூன்றாம் நாள் கட்டு தானாகவே தளர்ந்திருக்கும், அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். மூட்டுகளைப் பற்றிய இன்னொரு நூலில், அளவுக்கு மீறி இறுக்கிக் கட்டினால் சதை செத்துக் கறுத்துப் போகும் என்ற எச்சரிக்கையும் உண்டு.

கவனியுங்கள், அந்த மனிதர்களுக்கு ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்பதே தெரியாது. ஆனாலும் கட்டுக்கு வெளியே இருக்கும் பாகத்தைப் பார்த்தே கட்டின் உள்ளே நடப்பதைப் படிக்கக் கற்றிருந்தார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். சுஸ்ருத சம்ஹிதையில் கட்டுகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. மொத்தம் 14 வகைக் கட்டு. அதில் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் போடுவதற்குத் தனியாக ஒன்று, பெயர் 'கோசம்'. கோசம் என்றால் உறை. வாளுக்கு உறை போடுவது போல விரலுக்கு உறை! இறுக்கத்திலும் மூன்று தரம் பிரித்திருக்கிறார் சுஸ்ருதர். தொடை, தலை மாதிரி இடங்களுக்கு இறுக்கமான கட்டு, கை கால்களுக்கு நடுத்தரம், கண்ணுக்கும் மூட்டுகளுக்கும் தளர்ச்சியான கட்டு.

எலும்பு முறிவு பற்றிச் சொல்லும்போது, தளர்த்திக் கட்டினால் மூட்டு நிலையாக நிற்காது, இறுக்கிக் கட்டினால் தோல் வீங்கி, வலித்து, பழுத்துவிடும், அதனால் நடுத்தரமே நல்லது என்கிறார். எத்தனை நாளுக்கு ஒருமுறை அவிழ்த்துக் கட்டுவது என்பதற்கும் கணக்கு வைத்திருக்கிறார். குளிர்காலத்தில் 7 நாள், மிதமான பருவத்தில் 5 நாள், வெயில் காலத்தில் 3 நாள்.

எங்கள் வங்கி பாஷையில் சொன்னால் இது போஸ்ட் சாங்ஷன் இன்ஸ்பெக்ஷன். கடன் கொடுத்தோம், கையெழுத்து வாங்கினோம், ஃபைலை மூடினோம் என்று இருக்க முடியாது. மாடு வாங்கக் கடன் கொடுத்தால் மாடு இருக்கிறதா, பால் கறக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். அதே மாதிரி, கட்டுப் போடுவதில் பாதி வேலைதான் கட்டுவது. திரும்பி வந்து பார்ப்பது மீதிப் பாதி. கிரேக்கரும் சுஸ்ருதரும் இந்த மீதிப் பாதிக்குத் தேதி குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, இறுக்கினால் ஏன் வீங்குகிறது? இதற்குப் பதில் கிடைக்க 1628 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லண்டனில் வில்லியம் ஹார்வி என்ற டாக்டர், இதயத்தின் இயக்கத்தைப் பற்றி லத்தீனில் எழுதிய 72 பக்கப் புத்தகம் அந்த வருஷம் பிராங்க்பர்ட்டில் அச்சானது. அதுவரை இருந்த நம்பிக்கை என்னவென்றால், சாப்பாட்டிலிருந்து கல்லீரல் புதிது புதிதாக ரத்தத்தைத் தயாரிக்கும், உடம்பு அதைச் செலவழித்துவிடும் என்பது. ஹார்வி பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டார். (இந்த இடத்தில்தான் பி.காம். படித்த எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போனது.) ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ் ரத்தம் வெளியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் ஆயிரம் துடிப்பு. ஆக 500 அவுன்ஸ், நம் கணக்கில் 14 கிலோவுக்கும் மேல். உடம்பில் மொத்தமாகவே அவ்வளவு ரத்தம் கிடையாது. அரை மணியில் அத்தனையையும் புதிதாகத் தயாரிக்க யார் அவ்வளவு சாப்பிடுவது? ஆக, போன ரத்தமேதான் திரும்பி வந்தாக வேண்டும். கேஷ் புக்கை டேலி பண்ணுகிற அதே புத்தி!

அதை நிரூபிக்க அவர் கையில் எடுத்த கருவி என்ன தெரியுமா? ஒரு துணிக் கட்டு. மேல்கையில் தாங்க முடிகிற அளவுக்கு நன்றாக இறுக்கிக் கட்டினார். மணிக்கட்டில் நாடி நின்றது. கை நிறம் உடனே மாறவில்லை, ஆனால் நேரம் போகப் போகச் சில்லிட்டது. பிறகு கட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தினார். நாடி திரும்பியது. கை மளமளவென்று சிவந்து வீங்கியது, நாம் 'நரம்பு' என்று சொல்கிற சிரைகள் புடைத்துக்கொண்டு நின்றன.

விளக்கம் சுலபம். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டு வரும் தமனிகள் ஆழத்தில், அழுத்தம் அதிகமாக இருப்பவை. திருப்பி எடுத்துப்போகும் சிரைகளில் பல தோலுக்கு அடியிலேயே, அழுத்தம் குறைவாக இருப்பவை. ஓரளவு இறுக்கினால் சிரை மட்டும் அடைபடும். ரத்தம் உள்ளே வரும், வெளியே போகாது. டெபாசிட் வாங்கிக்கொண்டே இருந்து வித்டிராயல் தராத கிளை மாதிரி. இன்னும் இறுக்கினால் தமனியும் அடைபட்டு வரவே நின்றுவிடும்.

இதை அப்படியே விரலுக்குப் பொருத்திப் பாருங்கள். விரலுக்கு ரத்தம் கொண்டு வரும் முக்கியத் தமனிகள் இரண்டு, விரலின் இரண்டு பக்கமும் ஓடுகின்றன. மேல்கை, தொடை மாதிரி மெத்தை போலச் சதை இல்லை, தோலுக்குக் கொஞ்சம் கீழேயே இருக்கின்றன. விரலைச் சுற்றி வளையமாக ஒன்றை இறுக்கினால் தப்பிக்க வேறு பாதை கிடையாது. முதலில் சிரை அடைபடும், விரல் வீங்கும். கட்டு விரிந்து கொடுக்காது. வீங்க வீங்க அதே கட்டு, யாரும் தொடாமலேயே, இன்னும் இறுகும். காலையில் சரியாக இருந்த கட்டு சாயங்காலம் தூக்குக் கயிறாக மாறுவது இப்படித்தான்.

ஹார்வி காரணத்தைச் சொல்லி இருநூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகும் டாக்டர்களே இந்த வலையில் விழுந்துகொண்டிருந்தார்கள். 1850-களில் நெதர்லாந்தின் ராணுவ டாக்டர் அந்தோனியஸ் மத்தைசன் கண்டுபிடித்த பாரிஸ் சாந்துக் கட்டு பரவியது. எலும்பு முறிவுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் காய்ந்த மாவுக்கட்டு கல் மாதிரி, உள்ளே கை வீங்கினால் இடம் கொடுக்காது. 1881-ல் ஜெர்மனியின் ஹாலே நகரத்து அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபோன் வோல்க்மன் ஒரு கட்டுரை எழுதினார். இறுக்கமான கட்டுக்குப் பிறகு சிலருக்குக் கை மரத்து, விரல்கள் பருந்தின் கால் மாதிரி மடங்கி அப்படியே நின்றுவிடுகின்றன. நரம்பு வாதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் பல மணி நேரம் ரத்தம் போகாததால் தசை செத்துச் சுருங்கிவிட்டது என்று எடுத்துச் சொன்னார். அந்த நிலைக்கு இன்றும் அவர் பெயர்தான். (1870-71 போரில் பாரிஸ் முற்றுகையின்போது வீட்டுக்குத் தேவதைக் கதைகள் எழுதி அனுப்பியவர் இவர். அவை ரிச்சர்ட் லியாண்டர் என்ற புனைபெயரில் புத்தகமாக வந்தன.)

பின்னாளில் இன்னொன்றும் தெரிந்தது. கட்டே இல்லாவிட்டாலும் உள்வீக்கத்தாலேயே தசை இப்படி நெரிபடலாம். ஆனால் இறுக்கமான கட்டு இருந்தால் முதலில் செய்ய வேண்டியது அதைப் பிரிப்பது என்பதில் மாற்றமில்லை. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பும்போது "விரல் மரத்தாலோ, நிறம் மாறினாலோ, வலி அதிகமானாலோ ராத்திரி என்றாலும் உடனே வாங்க" என்று டாக்டர்கள் சொல்வதற்குப் பின்னால் இத்தனை வரலாறு இருக்கிறது. நாட்டு வைத்தியரின் மூங்கில் பத்தைக் கட்டானாலும், முட்டை வெள்ளைக்கரு தடவிய துணிக் கட்டானாலும் விதி ஒன்றுதான். காய்ந்தால் இறுகும்.

இப்போது கொஞ்சம் கொசுவத்தி. நான் கிளார்க்காக வேலையில் சேர்ந்தது 2000-ல். அப்போது நோட்டுக் கட்டுகளுக்கு ஸ்டேப்பிள் அடித்திருப்பார்கள். பிரிக்கும்போது கம்பி நகக்கண்ணில் ஏறும். எங்கள் கிளை சீனியர் கேஷியர் ஒருவர் பிளாஸ்திரியைச் சுற்றி, அது நழுவாமல் இருக்க மேலே ஒரு ரப்பர் பேண்டையும் மாட்டிக்கொண்டு எண்ணுவார். கேஷ் டேலி ஆகிற வரைக்கும் விரலைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். 2001 நவம்பரில் ரிசர்வ் வங்கி நோட்டுக் கட்டுகளில் ஸ்டேப்பிள் கூடாது, காகிதப் பட்டை போதும் என்று உத்தரவு போட்டது. நோட்டுகளின் ஆயுளுக்காகப் போட்ட உத்தரவு, கேஷியர்களின் விரல்களுக்கும் சேர்த்து நல்லது செய்தது.

அந்தப் பிளாஸ்திரிக்கும் ஒரு கதை உண்டு. 1920-ல் அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியில் பஞ்சு கொள்முதல் பார்த்துக்கொண்டிருந்தவர் எர்ல் டிக்சன். அவர் மனைவி ஜோசபின் சமையலறையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொள்வார், சுட்டுக்கொள்வார். கணவர் வீட்டில் இல்லாதபோதும் அவரே போட்டுக்கொள்ளட்டும் என்று, ஒட்டு டேப்பின் நடுவில் துணித் துண்டுகளை வைத்து நீளமாகத் தயாரித்துக் கொடுத்தார் டிக்சன். 1921-ல் அது பேண்ட் எய்ட் என்று சந்தைக்கு வந்தது.

நல்ல கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. அளவாக ஒட்டினால் ஆபத்தும் இல்லை. ஆனால் அதோடு ஒரு பழக்கம் மாறியது. அதுவரை கட்டு என்பது ஒருவர் இன்னொருவருக்குப் போடுவது. போட்டவர் மறுநாள் "காட்டு பார்ப்போம்" என்று கேட்பார். இப்போது நாமே ஒட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பார்க்க வேண்டிய இரண்டாவது ஆள் கணக்கிலிருந்து காணாமல் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியிலும் இது நடக்கும். நகத்தில், விரலில் சின்ன ஆபரேஷன் செய்யும்போது ரத்தம் வராமல் இருக்க விரல் அடியில் ஒரு ரப்பர் வளையம் மாட்டுவார்கள். கையுறையின் விரல் பாகத்தை வெட்டி மாட்டுவதும் வழக்கமாக இருந்தது. வேலை முடிந்ததும் அதை எடுக்க மறந்து, அதன் மேலேயே கட்டுப் போட்டு அனுப்பி, விரல் போன சம்பவங்கள் உண்டு. 2009 டிசம்பரில் பிரிட்டனின் நோயாளிப் பாதுகாப்பு அமைப்பு இதற்கென்றே ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. கையுறைத் துண்டு கூடாது, பளிச்சென்ற நிறத்தில் இதற்கென்றே தயாரித்த வளையம்தான் வேண்டும், எடுத்தாயிற்றா என்று சரிபார்க்க வேண்டும் என்றது. நாங்கள் டெபிட் போட்டால் கிரெடிட் எங்கே என்று தேடுவோமே, அதுதான்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் ஒரு நண்பரின் அம்மா. கணவர் போன பிறகு ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே மகனோடு வந்து இருக்கிறார். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. அரிவாள்மனையில் உட்கார்ந்து நறுக்கியே பழகியவர், இங்கே மேடையில் நின்று கத்தியால் நறுக்கும்போது விரலில் வெட்டிக்கொண்டார். மகனும் மருமகளும் ஆபீஸில். பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றி, மேலே கொத்தமல்லிக் கட்டிலிருந்து எடுத்த ரப்பர் பேண்டைப் போட்டார். ரத்தம் நின்றது. ரெண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் துணியை அவிழ்த்தபோது நுனி கறுத்திருந்தது. முதல் கணு வரை எடுக்க வேண்டியதாகிவிட்டது. "வலிக்கவே இல்லையாம்மா?" என்று டாக்டர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "இல்லையேப்பா. ரத்தந்தான் நின்னுடுச்சே, இதுக்குப் போயி வேலைக்குப் போற பிள்ளைங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்."

வலிக்கவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். இதைப் புரிய வைத்தவர் நம் மண்ணில் பிறந்தவர். பால் பிராண்ட், 1914-ல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது நினைத்தார்கள். பிராண்ட் கூர்ந்து கவனித்துச் சொன்னது வேறு. நோய் உணர்ச்சியை எடுத்துவிடுகிறது. சூடு, வெட்டு, அழுத்தம் எதுவும் வலிப்பதில்லை. வலிக்காததால் கவனிப்பதில்லை. கவனிக்காததால் விரல் போகிறது. இறுக்கமான செருப்பு கொடுக்கும் லேசான அழுத்தம்கூட, மணிக்கணக்கில் விடாமல் இருந்தால் ரத்தத்தைத் தடுத்துச் சதையைக் கொன்றுவிடும் என்றும் விளக்கினார். நமக்கு வலித்ததும் செருப்பைக் கழற்றிவிடுவோம். வலி என்பது உடம்பு அனுப்பும் புகார் மனு. நீண்டகாலச் சர்க்கரையில் பலருக்கு அந்த மனு மேலே வந்து சேர்வதே இல்லை. கைக்குழந்தைக்கு வலிக்கும், ஆனால் சொல்லத் தெரியாது. அம்மாவின் தலைமுடி ஒன்று விரலில் சுற்றிக்கொண்டாலே போதும், காரணம் புரியாமல் அழுதுகொண்டே இருக்கும். அப்படி அழுதால் கையுறை, சாக்ஸைக் கழற்றி விரல் விரலாகப் பார்க்கச் சொல்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள்.

ஆக, என்ன செய்யலாம்? விரலில் வெட்டுப்பட்டால் முதலில் சுத்தமான துணியால் ஒரு பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். பெரும்பாலும் ரத்தம் நின்றுவிடும். ரத்தத்தை நிறுத்துவது அழுத்தம்தான், இறுக்கிக் கட்டுவது இல்லை. மோதிரம் இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள். கட்டும்போது நகம் வெளியே தெரியட்டும். ரப்பர் பேண்ட், நூல் வேண்டவே வேண்டாம். கட்டி முடித்த பின் நகத்தை அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு வினாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். (மருதாணி, நகப்பூச்சு இருந்தால் தெரியாது. அப்போது பக்கத்து விரலோடு தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கக்கூடாது.) பத்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள், தூங்கப் போகும் முன் மறுபடி பாருங்கள். நீலம், வெளுப்பு, மரப்பு, விண்விண் என்று குத்தல், இதில் எது தெரிந்தாலும் உடனே தளர்த்துங்கள். அதற்குப் பிறகும் நிறம் திரும்பாவிட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நம்மில் பாதிப் பேருக்கு அப்பா அம்மா ஊரில், நாம் வேறு ஊரில். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் கையில் ஒரு வெள்ளைத் துணி தெரியும். கேட்டால் "ஒண்ணுமில்ல, சின்னக் கீறல், கட்டியாச்சு" என்பார்கள். கட்டியாச்சு என்றால் வேலை முடிந்தது என்று நம் தலைமுறை வரை எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த முறை அந்தப் பதிலோடு விட்டுவிடாதீர்கள். கட்டைக் காட்டச் சொல்ல வேண்டாம், விரல் நுனியைக் காட்டச் சொல்லுங்கள். நகத்தை அழுத்திவிட்டு விடச் சொல்லி, நிறம் திரும்புகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் இருந்து கட்டுப் போட முடியாத நமக்கு, திரும்பிப் பார்க்கிற அந்த மீதிப் பாதி வேலையாவது மிச்சம் இருக்கிறது.

டிஸ்கி: நான் பி.காம்., டாக்டர் இல்லை. வரலாறு மட்டும்தான் என் பொறுப்பு. விரல் கறுத்தால் இதைத் திரும்பப் படித்துக்கொண்டு உட்காராமல், கட்டைப் பிரித்துவிட்டு டாக்டரிடம் ஓடவும்.